உன் படையலில் வைத்த கிம்பாப்

என் அன்பு மகேன் மச்சான்,

எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ராகலையில் இன்னும் மழை விடவில்லை. நம் தோட்டத்து மேல் லயத்து வீடுகளுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எனக்கு அதனால் ஒன்றுமில்லை. அக்கா கல்யாணம் முடித்து ஹட்டன் பக்கம் போனபிறகு, என் வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்?

"கொரியா எப்படிப்பா?" என்று ஆட்கள் கேட்பார்கள். "குளிரு" என்பேன். நாலு வருஷமும் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும். குழாய் செய்கிற அந்த ஃபாக்டரி, அதன் பின்னால் நாம் இருவரும் படுத்த தகரப் பெட்டி அறை, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கடல், நீ போர்வையைப் போர்த்திக்கொண்டே முட்டை பொரித்தது, எல்லாம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தவை. இப்போது எனக்கு மட்டும். நான் அங்கே போனதே உண்மைதானா என்று சில நாள் சந்தேகம் வருகிறது, மச்சான்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வாரம் உங்கம்மா என் வீட்டுக்கு வந்தார். கொழுந்து பறித்த மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை.

"லோகு, மகேனுக்கு வருஷம் வருது. படையல்ல அவனுக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணும். கோழிக்கறி வைப்பேன், ரொட்டியும் கட்டச்சம்பலும் வைப்பேன். அந்தக் கறுப்புத் தாள்ல சோத்தச் சுத்தி வெட்டுவானே, போன்ல காட்டுவானே, அது எனக்கு ஆகாது. ஒனக்குச் செய்யத் தெரியுமா?"

"தெரியும் அத்த."

"அப்ப வந்து செஞ்சு குடு."

இவ்வளவுதான் பேச்சு. திரும்பிப் போய்விட்டார். நான் வாசலில் வெகுநேரம் நின்றேன். ஊருக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் நான் உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அதுவும் உன் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் ஓடிவந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியாது.

சாமான் தேடி நுவரெலியாவுக்குப் போனேன். கடற்பாசித் தாள் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று வைத்திருந்தார்கள். டின் இறைச்சி பஜாரிலேயே கிடைத்தது. கடை முதலாளி டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பார்ட்டியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? பஸ்ஸில் வரும்போது அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உன் நினைவாகவே இருந்தேன். அங்கே அறுவடைப் பண்டிகைக்கு ஆளுக்கொரு பெட்டி நிறைய டின் இறைச்சி தந்தார்களே, இரண்டு பெட்டியையும் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்து நாம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தின்றோம்! முதல் தடவை நீ சுற்றியது வெட்டும்போதே சிதறிப்போனது. கரண்டியால் அள்ளித் தின்றோம். "இது கிம்பாப் இல்லடா, கொத்துரொட்டி" என்றாய்.

படையலன்று காலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கம்மா எனக்கு முன்பே எழுந்து கேரட்டும் லீக்ஸும் கழுவி வைத்திருந்தார். அரிசியில்தான் முதல் சிக்கல். நம் அரிசி ஒட்டாதே. பச்சரிசியைத் தண்ணீர் கூட்டிவைத்துக் குழைய விடச் சொன்னேன்.

"பொங்கலுக்கு வைக்கிற மாதிரியா?"

"அதவிடக் கொஞ்சம் இறுக்கமா அத்த."

அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் டின்னைத் திறந்து இறைச்சியை விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்தேன். அவர் முட்டையைத் தோசை போல ஊற்றி எடுத்தார். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்க்கு எங்கே போவது? முள்ளங்கியில் வினாகிரியும் மஞ்சளும் போட்டு முதல்நாளே ஊறவைத்துக் கொண்டுபோயிருந்தேன். சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தபோது வாசம் சரியாக வரவில்லை. அங்கே எள்ளை வறுத்து ஆட்டுவார்கள். உங்கம்மா கொஞ்சம் எள்ளை வறுத்து, அம்மியில் தட்டிச் சோற்றில் போட்டார். அப்போது வந்தது பார், மச்சான், நம் அறையின் வாசம். நான் புகை பட்டதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூங்கில் பாய் இல்லை. துவைத்த துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் தாளை வைத்து, சோற்றைப் பரப்பினேன். இறைச்சியை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

"லோகு, அவனுக்கு முன்னமே முடியாம இருந்துச்சா?"

உன் செய்தியை நான் போனில் சொன்ன அன்றும் இதையேதான் கேட்டார். இல்லை அத்த, திடீரென்று என்றுதான் அப்போது சொன்னேன். இப்போது என் விரல்களெல்லாம் சோறு. முகத்தைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

"இருந்துச்சு அத்த. மூணு வாரமா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னான். டாக்டர்கிட்டப் போவோம்னு கூப்பிட்டேன். சளிதான், மாசம் முடியட்டும்னான். ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். சொன்னா நீங்க ஊருக்கு வரச் சொல்லிருவீங்கன்னு."

அவர் கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தார்.

"ஒரு போன் போட்டிருந்தீன்னா, வாடான்னு சொல்லியிருப்பேன்ல."

"ஆமா அத்த."

"நான் சொன்னா அவன் கேப்பான்."

"கேப்பான்."

எழுந்து வெளியே பீலித் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாளி நிரம்புகிற நேரத்தைவிட அதிகம் அது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நீ என் வாயைக் கட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பிச் சப்பாத்து மாட்டக் குனிந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டாய். சத்தியத்தைக் காப்பாற்றியதால்தான் உன்னை இழந்தேனா? நான் வாயைத் திறந்திருந்தால் நீ திட்டிக்கொண்டாவது இருந்திருப்பாயா? இதை யாரிடம் கேட்பது, மச்சான்?

ஓடவில்லை. செய்ய வந்த வேலையைச் செய்தேன். ஒன்று சுற்றினேன், இரண்டாவது சுற்றினேன். மூன்றாவதைச் சுற்றும்போது உங்கம்மா ஈர முகத்தோடு வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"பரவாயில்ல தம்பின்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். "பின்னால வருமா வராதா, அதுவும் தெரியல. ஆனா நீ வராம இருந்துறாத. அவன் அங்க எப்படி இருந்தான்னு சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல."

நான் தலையை ஆட்டினேன்.

"சொல்லு. வேற என்னென்ன மறைச்சான்?"

சொன்னேன். நீ பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தம் வரை போய், பாஷை தெரியாமல் கையை ஆட்டி ஆட்டி வழி கேட்டதைச் சொன்னேன். பனியில் வழுக்கி விழுந்து முழங்கையில் தையல் போட்டதைச் சொன்னேன். சம்பள நாளில் நீ எல்லோருக்கும் முன்னால் ஏறி நின்று பாடி, மேற்பார்வையாளரையும் ஆடவைத்ததைச் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார். "அவனா? இங்க கோயில்ல பாடச் சொன்னா ஓடி ஒளிஞ்சுக்குவான்" என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் பேச்சை நிறுத்தினேன். நிறுத்தாதே என்று கையைக் காட்டினார்.

எண்ணெய் தொட்ட கத்தியால் நானே வெட்டினேன். இரண்டு துண்டுகள் சிதறின. மற்றவையெல்லாம் வட்டமாக, நடுவில் இறைச்சியும் முட்டையும் தெரிய, நன்றாகவே வந்தன. உன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் கோழிக்கறிக்குப் பக்கத்தில் வைத்தோம். உங்கம்மா சூடம் காட்டினார். கொஞ்சநேரம் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். உள்ளே நீ சாப்பிடுவதாகக் கணக்கு. நான் உண்மையாகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், சிரிக்காதே.

பிறகு உங்கம்மா உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தாளு கருவாட்டு வாடை மாதிரி ஒண்ணு அடிக்குதே."

"கடல் பாசி அத்த. கடல் வாசம் அது."

இன்னொரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நான் கடலப் பாத்ததே இல்ல லோகு. ஏர்போர்ட்டுக்கு ரெண்டு தடவ போனேன். அவன அனுப்பி வைக்க ஒரு தடவ, எடுத்துட்டு வர ஒரு தடவ. கடல் கிட்டத்தான் இருக்குன்னு வேன்காரத் தம்பி சொன்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

உங்கம்மா அந்தத் துண்டை இன்னும் மூக்கின் அருகிலேயே பிடித்திருந்தார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து தகரத்துக்கடியில் தனியாகத்தான் உட்கார்ந்தேன். உனக்குப் பதில் எனக்கு யாரும் கிடைத்துவிடவில்லை, கிடைக்கவும் மாட்டார்கள். ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இந்தமுறை நீ கேட்டு வாங்காத வாக்கு. மழை விட்டதும் நானுஓயாவில் ரயில் ஏற்றி உங்கம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போவேன். கடற்கரையில் நிற்கவைத்து, நம் ஜன்னலில் தெரிந்தது இதேபோல ஒன்றுதான் அத்த என்று காட்டுவேன். கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்வேன். அவர் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே நிற்போம்.

உன் பக்கத்துக் கட்டிலில் நாலு வருஷம் படுத்த
உன் மச்சான்,
லோகு