ஒரே நடை

மார்ச் 4
புதுப் பயிற்சி முறை வந்ததிலிருந்து சிகிச்சை அறையில் ஈ ஓட்டுகிறேன். போன முறை சேர்ந்த படைப் பயிற்சிப் பையன்கள் கணுக்கால் வீக்கம், முட்டிவலி என்று வாசல்வரை வரிசை கட்டினார்கள். இப்போது ஐஸ் பைகள் தொடுவாரில்லாமல் கிடக்கின்றன. "ஓட்டத்தைக் குறைச்சோம், காயம் சுத்தமா நின்னுருச்சு. பிசியோதெரபிஸ்டுக்கு இனி என்ன வேலை?" டாக்டருக்குக் கிண்டல். இருக்கட்டும். என் தம்பியும் இந்த முறை சேர்ந்த அணியில்தான் இருக்கிறான். என் வேலை போனாலும் அவன் கால் நன்றாயிருக்கட்டும்.

மார்ச் 9
அவ்வளவு கனமான பையைத் தூக்கிக்கொண்டு தினமும் அணிவகுப்பு. ஒருத்தனுக்குக்கூடவா வலிக்காது?

மார்ச் 12
வராந்தாவில் தம்பியைப் பிடித்தேன். முகாமில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவான், கழுதை. "கால் எப்படிடா இருக்கு?" "சூப்பர் மேடம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தன் காயம்னு உங்ககிட்ட வந்தா மொத்த அணியும் முதல் வாரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். புது ரூல். தெரியாதாக்கா?"
என்னிடம் யாருமே சொல்லவில்லை.

மார்ச் 15
ஜன்னல் வழியாக அணிவகுப்பைப் பார்த்தேன். சத்தம் சரியில்லை. டக், அப்புறம் ஓர் இழுவை. டக், இழுவை. நொண்டுகிறவன் யார் என்று ஒவ்வொரு காலாகத் தேடினேன். எல்லாருமே நொண்டுகிறார்கள்! வலது காலில், ஒரே நேரத்தில். எவனோ ஒருத்தனை மறைக்க அத்தனை பேரும். பயிற்சியாளர் வேறு, "அபாரம்! ஒரே ஆள் நடக்கிற மாதிரி இருக்கு!" என்கிறார். ஒருத்தன் முகத்திலும் வலி தெரியவில்லை.

மார்ச் 16
டாக்டரோடு சண்டை. "தம்பி இருக்கான்னு பதறுறீங்க." ஆமா, பதறுறேன்! நான் பதறாம வேற யாரு பதறுவா? நாளைக்கு எல்லாரையும் வலது காலில் மட்டும் குதிக்கச் சொல்லப்போகிறேன். எலும்பில் கீறல் இருந்தால் மறைக்க முடியாது.

மார்ச் 17
முதல் ஆள் குதித்தான். சிரித்தான். அடுத்தவனும் அப்படியே. அதே சிரிப்பு. தம்பி குதித்தான் — காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். விழவில்லை. இடது காலில் நின்றுகொண்டு, "நல்லாத்தான் இருக்கேன் மேடம்," என்கிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்காகத்தான் அத்தனை பேரும் நொண்டியிருக்கிறார்கள்.
ஐயோ. நான்தானே குதிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 2
அந்த ரூலை எடுத்துவிட்டார்கள். வாசல்வரை வரிசை. காயம் கூடிப்போச்சு என்று டாக்டர் புலம்புகிறார். நல்லா புலம்பட்டும்.

ஜூன் 20
கட்டுப் பிரித்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயை நானே பார்த்தேன். வலி துளியும் இல்லையாம். ஆனாலும் டக், இழுவை. "நேரா நடடா." "நேராத்தானேக்கா நடக்கிறேன்?"
இப்போது மாடிக்குப் போகிறான். துணி எடுக்க அம்மாவும் கூடவே போகிறாள். படியில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். டக், இழுவை.
ஒரே சத்தம்தான் கேட்கிறது.