உரத்து வரும் குரல்

நாள் 36, திங்கள், காலை 9:10
இதைக் கண்டெடுப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் கயித்தான். வயது எழுபத்தொன்று. எழுதப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. நிலவின் தென்முனையில் இந்த அலைவாங்கி நிலையத்தைக் காக்கிறேன். அலைவாங்கிக் கம்பம் ஏறத்தான் வந்தேன். பொறியாளர் கால் முறிந்து மேலே சுற்றும் கப்பலுக்குப் போய்விட்டதால் எல்லாம் என் பொறுப்பு. பதிவுக் கருவிக்குள் தூசி புகுந்துவிட்டது. கையால் எழுது என்றார்கள். இதைவிட என்ன வேண்டும் எனக்கு!

எழுத்து சொல்லித் தந்தவள் கப்பலில் இருக்கும் ஜெசிந்தா. எங்கள் தூத்துக்குடிக்காரி. ஒரு பக்கம் எழுதிப் படம் அனுப்பினேன். பதில் வந்தது: "பெரியப்பா, உங்க 'ஞ' வெந்த இறால் மாதிரி சுருண்டு கெடக்கு."

நாள் 39, காலை 10:25
கப்பலின் பேச்சு ஆயிரம் சிற்றலைகளில் துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டின் வாலையும் நகலெடுத்து அதன் தலையில் ஒட்டி அனுப்புகிறார்கள். வாலும் தலையும் பொருந்தும் இடத்தைப் பார்த்து, துண்டு எங்கே தொடங்குகிறது என்று கருவி அறியும். அந்த நேரத்தை வைத்துத்தான் நான் பதில் அனுப்புவேன். என் பதிலை வைத்துத்தான் இறங்கும் கப்பல் தரையின் தூரத்தை அளக்கும். இரண்டு வாரத்தில் ஜெசிந்தாவும் இன்னும் ஆறு பேரும் என்னை அழைத்துப்போக இறங்குகிறார்கள்.

இன்று ஒரே பேச்சு இரண்டு முறை வந்தது. முதலில் மெலிதாக. நாற்பது மைக்ரோ வினாடி கழித்து உரக்க. எதிரொலிதான். ஆனால் தெளிவாக இருந்தது. கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டில் உரத்த குரலுக்குத்தானே கயிற்றை இழுப்போம்? கருவியை உரத்ததன் மேல் வைத்தேன்.

நாள் 44, பகல் 12:05
எதிரொலியின் தாமதம் குறைகிறது. நாற்பது, முப்பத்தொன்று, இன்று பதினெட்டு. பாறை நகராது. எதிரொலிப்பது எதுவோ அது நிலையத்தை நெருங்குகிறது.

இறங்கும் நாளை முன்னே இழுத்துவிட்டார்கள். நாளை மறுநாளாம். ஜெசிந்தா என்னைக் கிண்டல் செய்து ஐந்து நாள் ஆகிறது. "மருந்து தீந்துபோச்சு" என்றேன். "தீந்துபோச்சு, பெரியப்பா. இறங்குறோம்" என்றாள். "கம்பத்துல தூசி" என்றேன். "தூசி, பெரியப்பா. இறங்குறோம்" என்றாள்.

நாள் 45, காலை 8:40
தாமதம் பன்னிரண்டு. ஒரு சோதனை செய்தேன். "என் 'ஞ' எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கு, பெரியப்பா. இறங்குறோம்."

ஒவ்வொரு முறையும் அந்த உரத்த குரல் என் பேச்சின் வாலை எடுத்துத் தன் தலையில் ஒட்டுகிறது. துண்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கருவியை மெலிந்த குரலுக்குத் திருப்பினேன்.

"பெரியப்பா! ஆறு நாளா கத்துறேன், காதுல என்ன கருவாட்டையா அடைச்சு வச்சிருக்கீங்க? நாங்க எப்ப நாளைக்கு இறங்குறோம்னு சொன்னோம்? அடுத்த வாரம்தான். உங்க கணக்குல ரெண்டு கிலோமீட்டர் இடிக்குது. அதை நம்பி இறங்கினா ஏழு பேரும் பாறையிலதான் முட்டுவோம்."

அழுதுவிட்டேன். தப்பு என்னுடையது. அம்பாவில் உரத்த குரல் எங்கள் ஆளுடையது. இங்கே இல்லை.

நாள் 47, மாலை 4:15
தாமதம் ஆறு. இறங்க வேண்டாம், இங்கே இன்னொருத்தன் இருக்கான் என்று சொல்லிவிட்டேன். மெலிந்த குரலில்:
"விட்டுட்டுப் போவோம்னு நெனைச்சீங்களா? உங்களுக்கு 'ஞ' சொல்லிக்கொடுத்தே பாதி உசுரு போச்சு."
"வராத மகளே. என் குரல் கூப்பிட்டாலும் வராத."
பிறகு: "சரி, பெரியப்பா. சுத்திக்கிட்டே இருப்போம். ஒரு வார்த்தையாவது கிண்டலாப் பேசுங்க. அப்பதான் நீங்கன்னு நம்புவேன்."

நாள் 50, திங்கள், காலை 9:00
தாமதம் சுழியம். இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. மெலிந்ததைப் பிரிக்க முடியவில்லை. கம்பம் ஆடுகிறது. இங்கே காற்று கிடையாது. வெளிக்கதவின் பிடி திரும்புகிறது நான் திருப்பவில்லை

ஏழு பேரும் மேலே இருக்கிறார்கள். அது போதும். கதவை முட்டுக்கொடுத்துவிட்டு வருகிறேன். உயிர் இருந்தால் வரும் திங்கட்கிழமை மறுபடி எழுதுகிறேன்.

நாள் 57, திங்கள், காலை 9:00
வரும் திங்கட்கிழமை மறுபடி எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவர் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இப்போது ஒரு கோணலும் இல்லை. ஞ ஞ ஞ ஞ. எல்லாம் ஒரே அளவு. இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். கணக்கு சரி. பாறை இல்லை. கதவு திறந்திருக்கிறது. நான் உரத்துப் பேசுகிறேன், மகளே. உரத்த குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கு. வரும் திங்கட்கிழமை மறுபடி எழுதுகிறேன்.