கழற்றி வைத்த பம்ப்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அப்பா மேடு பள்ளமெல்லாம் பறந்த அந்தப் பழைய டர்ட் பைக்கில் இன்ஜினைக் குளிர வைக்கும் வாட்டர் பம்ப் தேய்ந்துபோகும் என்றேன், தேய்ந்தது. அத்தான் காலமான பிறகும் வண்டிச் சத்தம் கேட்கிறது என்று அக்கா சொல்வாள் என்றேன், சொல்கிறாள். அதற்காக அவளை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக நீ எழுதியதுதான் என் கணக்கில் இல்லாதது.

நேற்று பம்பைக் கழற்றினேன். தண்ணீரைச் சுழற்றும் இறக்கை பிறை நிலாவாகத் தேய்ந்திருந்தது. நான் கழற்றிய அழகைக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான்.

இன்று மத்தியானம் அக்கா ஓடிவந்தாள். "டேய், உங்க அத்தான் வண்டி தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துச்சுடா!"

"நான்தான்க்கா ஓட்டினேன். புது பம்ப் மாட்டிச் சோதனை பண்ணேன்."

"நீயா? உனக்கு சைக்கிளே தள்ளாடுமே!"

ஷெட்டைத் திறந்து காட்டினேன். இன்ஜின் கையைச் சுட்டது. சக்கரத்தில் ஈரச் சேறு. ஆகவே அக்காவின் புத்தியில் கோளாறு இல்லை, அவளை எங்கேயும் அனுப்பாதே.

இதில் ஒன்றே ஒன்று மட்டும் அக்காவிடம் நான் அவிழ்த்துவிட்ட சரக்கு. வண்டியை நான் ஓட்டவில்லை. தண்ணீரும் ஆயிலும் வடித்துவிட்ட வண்டி அது. புது பம்ப் இன்னும் மாட்டவே இல்லை. இந்தக் காகிதம் பறக்காமலிருக்க, நேற்று கழற்றிய பம்பைத்தான் மேலே பாரமாக வைத்து எழுதுகிறேன்.

சீக்கிரம் வா.

உன் தாய்மாமன்