உப்புக் கறை என்று நினைத்தேன், அண்ணே

ஆலமரத்தைக் கண்டால் போகிற வழியை மறந்துவிடும் என் அண்ணனுக்கு,

உன் தாவரவியல் துறைக்காரர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆள் விட்டார்கள். நல்லதை எழுத அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறு. நேரில் சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் காப்பி கேட்டிருப்பாய். இப்போது அதற்கு வழியில்லை. அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

அண்ணே, உன் பாட்டில்களைக் கழுவிவிட்டேன். உள்ளே இருந்த இலைகளையும் சேர்த்து.

நம் நாகமலை புதுக்கோட்டைத் தண்ணீர் உனக்குத் தெரியாததா? போர்த் தண்ணீர் பட்ட எதுவும் வெள்ளை பூத்துவிடும். குடம், டம்ளர், குளியலறைத் தரை, எதையும் விடாது. சைக்கிளில் வருகிற ஆளிடம் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்ப்பதே என் பாதிப் பிழைப்பு. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் சாமான்களை எடுத்துப்போகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். உன் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தேன். வரிசையாக ஊறுகாய் பாட்டில்கள். உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிப் பச்சையெல்லாம் போய், எண்ணெய்த் தாள் மாதிரி வெளுத்த ஆலிலைகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இலையிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி.

இவ்வளவு படித்தவன் கடைசியில் குழாய்த் தண்ணீரைக் கலந்து வைத்திருக்கிறானே என்று நினைத்தேன். வருகிறவர்கள் உன்னை அழுக்கன் என்று சொல்லிவிடக் கூடாது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் விட்டு, இலைகளை அதில் போட்டேன். சோடா உடைத்தது போலப் பொடி நுரை வந்தது. கறை போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுபடி ஸ்பிரிட்டில் போட்டு, பாட்டில்களைப் பளபளவென்று துடைத்து அடுக்கினேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் சித்ரா வந்தாள். உன்னோடு ஆராய்ச்சி செய்த பெண். உன் வேலையை முடித்து, உன் பெயரையும் சேர்த்துத்தான் கட்டுரை வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது அண்ணன் வச்சிருந்த இலைதானா?"

"ஆமாத்தா. கழுவி வச்சிருக்கேன். அம்புட்டும் உப்பு."

"எதுல கழுவுனீங்க?"

"ஆசிட்டுலதான். கொஞ்சூண்டு, தண்ணியில கலந்து."

"எம்புட்டு நேரம்க்கா?"

"நுரை நிக்கிற வரைக்கும்."

அவள் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அது உப்பு இல்லக்கா. அதுதான் கல்லு" என்றாள்.

அந்த வார்த்தையை உன் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஆலிலைக்குள் கல் இருக்கிறது, வந்து பார் என்று லென்சும் கையுமாகக் கூப்பிடுவாய். "இந்தா வாரேன்" என்பேன். அடுப்பில் பால் இருக்கும், குழாயில் தண்ணீர் வரும், டி.வி.யில் நாடகம் ஓடும். அரிசியில் கல் பொறுக்கவே நேரமில்லை, இதில் இலையில் வேறு கல்லா என்று என் வீட்டுக்காரரிடம் கேலி பேசியதும் உண்டு. அது உன் காதில் விழுந்ததா, அண்ணே?

அலமாரிக்குப் பின்னால் உருண்டு கிடந்த ஒரு பாட்டில் மட்டும் என் கைக்குத் தப்பியிருந்தது. சித்ரா உன் கறுப்புக் குடையை விரித்து, அந்தத் துணிமேல் தப்பிய பாட்டிலின் இலையையும் நான் கழுவிய இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, லென்சை என்னிடம் கொடுத்தாள். உன் இலையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மின்னியது. பட்ட வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்துக்கொண்டிருந்தது. என் இலையில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது.

இலைக்குக் கல் எதற்கு என்று கேட்டேன். நீ இருக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"உங்க அடுப்படி மாதிரிதான்க்கா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "ஆலிலை தடியான இலை. மேல இருக்க செல்லுக்கு நம்ம ஊரு வெயிலு திகட்டுது. அடியில இருக்கறதுக்குப் பத்த மாட்டேங்குது. மேல்தோலுக்குக் கீழ தொங்குற இந்தச் சுண்ணாம்புக் கல்லு, வெளிச்சத்தச் சிதறடிச்சு உள்ளுக்க தள்ளிவிடுது. மேல வீணாப் போறத அடியில இருக்கறது வாங்கிச் சமைச்சுக்கிருது. உங்க வீட்டுத் தாம்பாளத்தச் சொல்லித்தான் அண்ணன் எங்களுக்குப் புரிய வச்சாரு. உங்க அடுப்படிய எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா."

நம் அடுப்படிக்குப் பட்டப்பகலிலும் பல்பு வேண்டும். வெயில் கொல்லை வாசலோடு நின்றுவிடும். நீதான் பழைய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துக் கட்டினாய். வெயில் அதில் பட்டு அடுப்பு வரைக்கும் வந்தது. நான் அந்த வெளிச்சத்தில் வருடக்கணக்காக வெங்காயம் நறுக்கினேன். அது என் கண்ணுக்காகக் கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். அதைக் காட்டி நீ பாடம் நடத்தினாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அண்ணே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலை பறித்துவிட்டுத் திரும்பும்போது மேலூர் பஸ் ஸ்டாண்டில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்ததும் நான் அழுதேன். அழுதுகொண்டே அந்தத் தாம்பாளத்தை அவிழ்த்துப் பரணில் போட்டேன். துக்கத்துக்கு வருகிறவர்கள் இதென்ன சுவரில் தட்டு என்று கேட்பார்களே என்று வெட்கம். நீ வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அதைக் கழற்றிவிட்டேன். உன்னோடு வந்த பையிலிருந்த இலைகளைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

சித்ரா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. தாம்பாளம் எங்கே என்று அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரே மரத்தின் வெயில் பக்கத்திலும் நிழல் பக்கத்திலும் மாதாமாதம் பறித்த இலைகளாம் நான் கழுவியவை. மீந்த ஒரு பாட்டிலை வைத்து எதையும் சொல்ல முடியாதாம். முதலிலிருந்து பறிக்க வேண்டும். "விடுங்கக்கா, தெரியாமத்தான செஞ்சீங்க" என்றாள் புறப்படும்போது. அதுதான் சுட்டது. தெரியாமல் போனதற்கு யார் காரணம்? நீ கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

போன ஞாயிற்றுக்கிழமை நானே மேலூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் நீ உட்கார்ந்த பக்கம் பார்க்காமல் நடந்தேன். நீ இலை பறித்த ஆலமரத்தடி டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே, "எலை பறிக்கிற சாரு தங்கச்சியா? அந்தா கயிறு கட்டியிருக்காரு பாருங்க" என்று காட்டினார். வெயில் கிளையில் சிவப்புக் கயிறு, நிழல் கிளையில் வெள்ளைக் கயிறு. உன் முடிச்சு. அவிழவே அவிழாது.

பறித்து வந்தேன். தளிரில் கல் இருக்காதாம். இலை முற்ற முற்றத்தான் உள்ளே வளருமாம். நான் அவசரப்படவில்லை.

தாம்பாளத்தை மறுபடி கட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரி இதென்ன என்று கேட்டாள். உட்கார வைத்து, கல்லைப் பற்றிச் சொன்னேன். பாதிதான் ஒழுங்காகச் சொன்னேன். இந்தக் கடிதத்தையும் அடுப்படியில்தான் எழுதுகிறேன், பல்பு போடாமல்.

சித்ராவுக்குப் போதும் என்கிற வரைக்கும் மாதாமாதம் உன் மரத்துக்குப் போவேன். பாட்டில் எவ்வளவு வெள்ளை பூத்தாலும் கை வைக்க மாட்டேன். இனி "வாரேன்" என்றால் வருவேன், அண்ணே.

நுரை வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட,
உன் கூடப்பிறந்தவள்