கிளினிக் சர்வரில் சுருக்கத்தை நிறுத்திய வாரம்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பிரிஞ்சாங் கிளினிக் இணையதளத்தில் பாதுகாப்பு ஓட்டை தேடிய ஈப்போ ரவின் அறிக்கை அனுப்பிவிட்டார். மற்றதெல்லாம் சரி. நோயாளிகள் பரிசோதனை முடிவு பார்க்கும் பக்கத்தில் மட்டும் ஓட்டை.

கிளினிக் டாக்டரம்மா போனில். "எஸ்தர், பூட்டுப் போட்ட தளந்தானே? அப்புறம் எப்படி?"

விளக்கினேன். பக்கம் சீக்கிரம் போய்ச் சேர, சர்வர் அதைச் சுருக்கிப் பிறகு பூட்டி அனுப்புகிறது. ஒரே எழுத்துகள் திரும்ப வந்தால் இன்னும் சுருங்கும். வழியில் நிற்பவனால் உள்ளே படிக்க முடியாது. ஆனால் அளவு தெரியும். நம் தேடல் பெட்டியில் போடுவது அதே பக்கத்தில் திரும்ப வருகிறது. நோயாளியின் பிரவுசரையே ஏமாற்றி, ஊகித்த எழுத்துகளை அதில் அனுப்ப வைப்பான். அளவு குறைந்தால் ஊகம் சரி. முடிவைத் தரவிறக்கும் ரகசியக் குறியீடும் அந்தப் பக்கத்தில்தான். எழுத்தெழுத்தாக எடுத்துவிடலாம்.

"அப்ப சுருக்குறத நிப்பாட்டிடு லா."

அங்கேதான் சிக்கல். எங்கள் எஸ்டேட் லய வீடுகளில் சிக்னல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சுருக்காவிட்டால் பக்கம் இங்கே திறக்குமா?

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, வேலைக்குப் போகும் வழியில் வாசலில் நின்றாள். தேயிலைக் கொழுந்து பறிப்பவள். போன வாரம் கிளினிக்கில் மார்பில் இருந்த கட்டியைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ரிசல்ட்டு போன்லயே வருமாமே. வேற யாரும் பாக்க முடியாதுல்ல? வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல, எஸ்தர்."

"முடியாதுக்கா."

சொல்லிவிட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தால் மனசு கேட்கவில்லை. அது இன்னும் உண்மையில்லை.

சர்வர் பதிவுகளைப் புரட்டினேன். ஒரே நோயாளி எண்ணிலிருந்து தேடல் மேல் தேடல். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறு. யாரோ ஊகித்துப் பார்க்கிறான். ரவினுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. முடிவுப் பக்கத்தையே மூடினேன். கிளினிக்கில் போன் ஓயவில்லையாம். டாக்டரம்மா திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்காரர் தாமஸ் வந்தார். காய்கறி லோரி ஓட்டுகிறார். "சாப்பிடலயா?"

"உள்ள யாரோ பூந்துட்டான் போல."

அவர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பாவம்.

மார்ச் 5, புதன்

ரவின் கூப்பிட்டார். "சோரி லா அக்கா, போன் கெட்டுப்போச்சு. அது நாந்தான். கிளினிக்ல குடுத்த டெஸ்ட் நம்பர்."

எண்ணைச் சரிபார்த்தேன். அதேதான். பழைய பதிவுகள் முழுக்கத் தேடினேன். வேறு எந்த எண்ணிலும் அப்படி இல்லை. ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒருவரும்!

தாமஸ்: "சிரிக்கிறியா, அழுவுறியா?"

தெரியவில்லை. ரொட்டியும் சம்பலும் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பிறகு வேலை.
- முடிவுப் பக்கத்துக்குச் சுருக்கம் நிறுத்தம். ரகசியம் இல்லாத அலங்காரக் கோப்புகளுக்கு இருக்கட்டும்.
- தேடிய சொல்லைத் திருப்பிக் காட்டுவது நீக்கம்.
- ரகசியக் குறியீடு ஒவ்வொரு முறையும் வேறு உருவத்தில்.
- வேறு தளம் தூண்டிவிடும் கோரிக்கையோடு, நோயாளி உள்ளே நுழைந்ததற்கு அடையாளமான குக்கீ போகாது.
- பக்கத்தை இளைக்க வைக்க: பழைய அறிவிப்புகள், பாதி மெனு, டாக்டரம்மாவின் வரவேற்புரை, எல்லாம் வெளியே.

"என் வரவேற்புரையுமா?"

"அதுதான் டாக்டர் ரொம்ப நீளம்."

சிரித்துவிட்டார். அப்பாடா.

ரவின் மறுபடி முயன்று பார்த்தார். "சைஸ வச்சு இப்ப ஒண்ணும் புடிக்க முடியலக்கா."

மார்ச் 6, வியாழன்

வெயில். துணி ஒருவழியாகக் கொடியில். காலையில் பக்கத்தைத் திறந்துவிட்டேன். கிளினிக்கில் நன்றாக வருகிறதாம். இங்கே?

சிக்னல் மிக மோசம் மேல்மலையில்தான். மல்லிகா அக்கா அங்கேதான் பறிக்கிறாள் என்று ஏறிப் போனேன். மூச்சு வாங்கியது. அவள் கையுறையைக் கழற்றி, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போச்சு என்று நினைத்தேன். திறந்துவிட்டது! பெயர், எண், எல்லாம் தெளிவாக. கீழே அவளுடைய முடிவும் வந்திருந்தது.

"நீயே படி. எனக்குப் பாக்க முடியல."

வாய்க்குள் ஒருமுறை படித்தேன். தப்பாகிவிடக் கூடாதே என்று இன்னொரு முறை.

"கேன்சர் இல்லக்கா. சாதாரணக் கட்டிதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

தேயிலைச் செடிகளுக்கு நடுவே அப்படியே குந்திவிட்டாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து கங்காணி கத்தினார். "மல்லிகா! அங்க என்ன?"

அக்கா எழுந்து நின்று, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒண்ணும் இல்லீங்க!" என்றாள்.