‘பன்னண்டுங்க’ என்று விடை சொன்ன மாணவியைப் பயிற்சிப் பட்டியலில் மீண்டும் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
செ. தீனதயாளன்,
கணிதக் கல்வி ஆய்வாளர்,
திருச்செங்கோடு.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: எட்டாம் வகுப்பு மாணவி ம. இனியா திறனறித் தேர்வுப் பயிற்சியிலிருந்து நீக்கப்படக் காரணமான ஆய்வறிக்கை மீதும், அதை எழுதிய என் மீதும் புகார் அளித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பிள்ளைகள் வாயால் சொல்லும் கணக்கு விடைகளைக் கேட்டு மதிப்பெண் இடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஒன்பது பள்ளிகளில் சோதித்தவன் நான். சென்ற மாதம் நான் தங்களிடம் அளித்த அறிக்கையில் இனியாவுக்கு இருபதுக்கு மூன்று. அதை நம்பியே அவள் பெயர் எடுக்கப்பட்டது.

2. அவள் தாயார் திருமதி மஞ்சுளா விசைத்தறி ஓட்டுபவர். அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். சண்டைக்கு வரவில்லை. “பெரிய படிப்புப் படிச்சவங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும். எம்புள்ளைக்கு எதுல கொறைன்னு மட்டும் சொல்லுங்க, ஊட்ல சொல்லித் தாரேன்” என்றார். குறையை எடுத்துச் சொல்லலாமென்று காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டேன். முப்பத்தாறில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அவள் “பன்னண்டுங்க” என்கிறாள். செயலி அதைப் “பண்ணுங்க” என்று எழுதிக்கொண்டு சுழியம் போட்டிருக்கிறது. மரியாதை தெரிந்த பிள்ளை, ஏறக்குறைய எல்லா விடைக்கும் ‘ங்க’ போட்டிருக்கிறாள். உண்மையில் இருபதில் பதினெட்டு சரி.

3. நானும் இந்த ஊர்க்காரன். என் வீட்டிலும் இதே பேச்சுதான். ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஆனால் அறிக்கையின் நான்காம் பக்கத்தில், “எல்லா ஒலிப்பதிவுகளும் ஆய்வாளரால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டன” என்று எழுதிக் கையெழுத்திட்டுள்ளேன். அது பொய். இருநூற்றுப் பன்னிரண்டில் நான் கேட்டது பதினொன்று. செயலியின் மேல் பழியைப் போட எனக்கு வாய் வரவில்லை.

4. இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. உண்மை தெரிந்த பிறகும் அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. “வாய்ப்பாட்டை இன்னும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இனியா இப்போது தினமும் இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள் என்று வகுப்பாசிரியர் நேற்றுச் சொன்னார். வகுப்பில் கேள்வி கேட்டால், “எனக்குக் கணக்கு வராதுங்க” என்று உட்கார்ந்துவிடுகிறாளாம்.

5. பட்டியல் வரும் 18ஆம் தேதி முடிவாகிறது. அதற்குள் அவள் பெயரைச் சேர்த்து உத்தரவிடும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மீதிப் பதிவுகளையும் முழுதாகக் கேட்டுத் திருத்திய மதிப்பெண்களை 16ஆம் தேதி நேரில் ஒப்படைக்கிறேன். என் மீதான விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன். அது முடியும்வரை அந்தப் பிள்ளையைக் காக்க வைக்க வேண்டாம்.

இடம்: திருச்செங்கோடு
நாள்: 11.07.2025

இப்படிக்கு,
தவறிழைத்த
செ. தீனதயாளன்

நகல்: திருமதி மஞ்சுளா அவர்களுக்கு. தபாலில் அனுப்பவில்லை. நாளை அவர் வீட்டுக்குப் போய் நானே படித்துக் காட்டுவேன், நான்காம் பத்தி உட்பட.