பைசல்

31, செவ்வாய்.

கண் எரிகிறது. தூக்கம்தான் வரவில்லை.

மண்டியில் மாதக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். இன்று நிற்கும் பாக்கியோடு மாதம் முழுக்க வசூலான பணத்தைக் கூட்டி, ஒன்றாம் தேதிப் பாக்கியைக் கழித்தால் கடனுக்கு விற்றது வர வேண்டும். கடன் சீட்டுகளின் கூட்டுத்தொகையைவிடப் பதினெட்டாயிரம் குறைவாக வந்தது. மூன்று முறை போட்டும் அதேதான். யாருடைய பாக்கியோ தீர்ந்திருக்கிறது, பணம் மட்டும் கல்லாவுக்கு வரவில்லை என்று நினைத்தேன்.

கல்லாவில் உட்காருகிறவர் குமரேசன் அண்ணன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நிற்கும்போதே, "அண்ணே, வசூல் எதையாவது எழுதாம விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை.

அதற்குப் பிறகுதான் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மருங்காபுரிக் கடைக்காரர் பக்கத்தில் பதினெட்டாயிரம் பாக்கிக்கு நேரே முதலாளியின் கையெழுத்தில் 'பைசல்' என்று இருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன்.

"நான்தாம்மா போட்டேன். அவர் தவறிட்டாரு. அவர் சம்சாரத்துகிட்ட போயி எப்படிக் கேக்கறது? உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அதைத் தள்ளுபடியில் எழுதினேன். கணக்கு நேராயிற்று.

குமரேசன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணக்குன்னா கேக்கத்தானேம்மா வேணும்" என்றார்.

தினமும் கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்பார். இன்று சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே இறங்கிப் போய்விட்டார்.